பக்கவாட்டில் நீட்டிய கை

ரஹ்மான் சார் போய்விட்டார் என்று வாணியம்பாடியிலிருந்து அவர் மகன் போனில் சொன்னபோது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவருடைய பச்சை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும்தான் கண்முன் வந்தன. ஜவ்வாது மலைக்கு வேலைக்கு வந்தவர்களில் அவரைப்போலக் குளிருக்குப் பயந்தவர் கிடையாது. கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததா?

எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டில் சாண எரிவாயு அடுப்பு வைத்துக்கொடுப்பது நம் வேலை. முதல் அடுப்பு வள்ளியம்மாள் வீட்டில். விறகுப் புகையால் அவளுடைய கைக்குழந்தைக்கு ஓயாத இருமல். புகையில்லாத நீலச் சுடரைப் பார்த்துப் பூரித்துப்போனோம். மார்கழி பிறந்ததும் அவள் மறுபடி விறகை மூட்டினாள்; குழந்தையும் மறுபடி இருமத் தொடங்கியது. மலைக்காரர்களுக்குப் பழக்கம் விடாது, அடுப்பைக் கழற்றிவிடுங்கள் என்றார் மேலதிகாரி.

நானும் ரஹ்மான் சாரும் போய்க் கேட்டபோது வள்ளியம்மாள், "இன்னா சார் பண்றது? சோறு நல்லாத்தான் வேவுது. அடுப்பாண்ட குந்தினா புள்ளைக்குக் குளிருதுங்க" என்றாள்.

ரஹ்மான் சார் மட்டும் அதை நம்பினார். அவரே அந்த அடுப்பின் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தார். சுடருக்கு மேலே கையை வைத்தார், சுட்டது. பக்கவாட்டில் நீட்டினார், ஒன்றுமில்லை.

"விறகு நெருப்புல கரித்தூள் தகதகன்னு எரிஞ்சி பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் அனல் வீசும். இந்த நீல நெருப்பு பானையத்தான் பார்த்துக்குது, நம்பள கண்டுக்க மாட்டேங்குது" என்றார்.

விறகு நெருப்பு மாதிரி அனல் வீசுமா என்று அடுப்பின் காற்றுத் துளையை அடைத்துப் பார்த்தார். சுடர் மஞ்சளானது; பானையெல்லாம் கரி. எனக்குச் சிரிப்பு, அவருக்குக் கோபம். பிறகு வாசலில் கிடந்த உடைந்த கூரை ஓடுகளைப் பொறுக்கிவந்து சுடரைச் சுற்றி அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் ஓடுகள் சிவந்தன. அறைக்குள் கதகதப்பு வந்தது.

வள்ளியம்மாள் மூலையில் போர்த்திக் கிடத்தியிருந்த குழந்தையைத் தூக்கிவந்து அடுப்பெதிரே மடியில் வைத்துக்கொண்டாள். ரஹ்மான் சார் குல்லாவைக் கழற்றினார். மலையில் அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் எந்த வீட்டில் அடுப்பு வைத்தாலும் முதலில் பக்கவாட்டில் கை நீட்டிப் பார்ப்பார். நாமெல்லாம் கிண்டல் செய்வோம். போகப் போக நாமும் நீட்டினோம்.

அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை, பால் காய்ச்சும்போது என் கை தானாக அடுப்புக்குப் பக்கத்தில் நீண்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான். சுடர் நீலமாக, அழகாகத்தான் எரிந்தது. கைக்கு ஒன்றும் வரவில்லை.