இரண்டாகப் பிரித்த பாடம்

ஹரிகுமாரின் ஞாயிறு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போடுவது, கோடு இழுப்பது, பெயர் எழுதுவது எல்லாம் அவனுடைய அக்கா பொன்னம்மையின் வேலை. பதினொரு வருடங்களாக அவள் அதைச் செய்துவந்தாள். பழுப்புத்தாள் அட்டையின் ஓரம் ஒரு நூல் அளவுகூடக் கோணாது.

பொன்னம்மை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா இறந்தபோது ஹரிக்கு ஆறு வயது. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கிற வேலையில் இருந்தார்; விடிந்தால் போய்விடுவார். வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. அப்பாவும் போன பிறகு ரவிக்கை தைத்துத் தம்பியை டிப்ளமா வரை படிக்கவைத்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை அவனுக்குக் கிடைத்தது. அந்த நாளைவிட, கரமனையில் சமூக மண்டபத்தின் மாடி அறையில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து அவன் முதல் வகுப்பு எடுத்த நாளைத்தான் அவள் எல்லோரிடமும் சொல்லுவாள்.

வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த ஒரு பையன். இருபத்துநாலு வயது, நல்ல சம்பளம். ஒருநாள் கேண்டீனில் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எதற்காக என்று கேட்டானாம். அந்தக் கேள்வியை இருபத்துநாலில் கேட்பது தாமதம், பதின்மூன்றிலேயே கேட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அடுத்த மாதமே மண்டபத்துத் தலைவரிடம் போய் மாடிச் சாவியைக் கேட்டு வாங்கினான்.

சுலோகங்களை மனப்பாடம் செய்யவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன் இல்லை அவன். மாதம் ஒரு தர்மம் என்று வைத்திருந்தான். கொல்லாமை, தயை, பிறர் பொருளை விரும்பாமை, வாய்மை. ஞாயிற்றுக்கிழமை கதையோடு சொன்னதைப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்கச் செய்துபார்க்க வேண்டும். படுக்கும் முன் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மறு ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன் பொன்னம்மை எல்லா நோட்டையும் வாசித்து, பச்சை மையால் 'சரி' போடுவாள். கொல்லாமை வாரம் முடிந்து ஒருமுறை இரண்டு பையன்கள் கை கால் எல்லாம் தடிப்போடு வந்து நின்றார்கள்.

"கொசுவுக்கும் இந்தப் பாடத்தெ எடுத்திருக்கலாம் சாரே" என்றான் ஒருவன்.

ஹரி சிரித்துவிட்டான். கொசுவலை கட்டிப் படுப்பதும் கொல்லாமைதான் என்று அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தான்.

சென்ற வருடம் ஜூலையில் வாய்மையின் முறை வந்தது. ஹரி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தான். முதல் இரண்டு பக்கம் உள்ளதைச் சொல்வது பற்றி. மற்ற இரண்டு பக்கம், உள்ளதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பது பற்றி. பொன்னம்மை வாசித்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு இது அதிகம் என்றாள்.

"பிள்ளையளுக்குத் தலை சுத்தும்லே. இந்த வாரம் பொய் சொல்லாம இருந்து பாக்கட்டு. மத்ததெ அடுத்த ஞாயிறு சொல்லு."

ஹரி கொஞ்சம் தயங்கினான். இரண்டும் ஒன்றுதான், பிரித்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டான். அவள் பென்சிலை எடுத்து இரண்டாம் பக்கத்தின் அடியில் கோடு இழுத்தாள். அவன் சரி என்றுவிட்டான்.

வகுப்பில் அப்போது பதினான்கு பிள்ளைகள். அதில் திவ்யலட்சுமி எட்டாம் வகுப்புக்காரி. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அவளுடைய அம்மா பகவதி ஆறு மாதமாக உடம்புக்கு முடியாமல் இருந்தாள். அது வயிற்றில் வந்த புற்றுநோய் என்பது தெருவில் பாதிப்பேருக்குத் தெரியும். வயிற்றுப் புண் என்று சொல்லித்தான் பகவதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார்கள் என்பது ஹரிக்கோ பொன்னம்மைக்கோ தெரியாது.

மறு ஞாயிறு பொன்னம்மை திவ்யாவின் நோட்டைப் பிரித்தாள். வியாழக்கிழமையில், "அம்மை கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்" என்று இருந்தது. கீழே பகவதியின் கையெழுத்து. மற்ற பிள்ளைகள் நான்கைந்து வரி எழுதியிருந்தார்கள். இது இரண்டே வாக்கியம், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அம்மா என்ன கேட்டாள் என்று பொன்னம்மை யோசிக்கவில்லை. பச்சை மையால் சரி போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதினாள்.

அன்று ஹரி மீதி இரண்டு பக்கத்தை எடுத்தான். சில உண்மைகள் நாம் சொல்வதற்கு உரியவை அல்ல, அதைச் சொல்ல உரியவர் வேறு ஒருவர் இருப்பார் என்றான். நோயில் படுத்திருக்கிற ஒருவர் நம்மிடம் கேட்டால் என்ன செய்வது என்று ஓர் உதாரணமும் வைத்திருந்தான். பொய் சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்களை அழைத்து வருகிறேன் என்று சொல்லலாம். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திவ்யா எழுந்தாள். பையை எடுத்தாள். படி இறங்கிப் போனாள். வீட்டில் ஏதோ வேலை இருக்கும் என்று ஹரி நினைத்தான்.

புதன்கிழமை ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது பகவதி வரவில்லை என்றாள். எல்லாம் தெரியும், இனி ஊசி வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள். யார் சொன்னது என்று கணவர் எவ்வளவோ கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள்தான், நான் சொன்னேன் என்றாள். அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, இது மாறுமா மக்களே என்று அம்மா கேட்டாளாம். இனிக் குணமாகாது என்று டாக்டர் சொன்னதைத் திவ்யா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள். அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள் பகவதி இறந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு திவ்யாவின் அப்பா மாடிக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை.

"சாரே, குடும்பத்துல இத்தனை பேரு ஆறு மாசம் கட்டிக் காத்ததெ உங்க நோட்டு ஒரே நாளுல எடுத்து வெளியில போட்டுட்டு" என்றார். பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஹரி அன்று பாடத்தைத் தொடரவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். பாடத்தை வெட்டினது நான்தானே என்று பொன்னம்மை வீட்டில் சொன்னபோது, சம்மதிச்சது நான்தான எக்கா என்று மட்டும் சொன்னான். அவனுக்கு வகுப்பைப் பற்றிய நினைப்பே இல்லை. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதையே போகிற வருகிற எல்லோரிடமும் கேட்டான். பள்ளிக்கூடம் போகவில்லை, யாரிடமும் பேசவில்லை, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய அப்பாவே ஆள் அனுப்பினார். சாரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறாளாம். ஹரி அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான்.

திவ்யா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. ஹரி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் சொல்லாம இருந்தா அம்மை இப்போ இருப்பா அல்லே, சாரே?"

"இருக்கமாட்டா மக்களே" என்றான் ஹரி. "நான் அந்த டாக்டரெ நேர்ல போய்க் கண்டு கேட்டேன். ஊசி போட்டிருந்தாலும் இதே நாளுதான்னு சொன்னாரு."

பொன்னம்மை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. இந்த ஒரு மாதமும் கம்பெனி விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பெனி. நாற்பத்தொரு வயதுவரை தம்பி ஒரு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. திவ்யா அவன் முகத்தை விட்டுப் பார்வையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"உள்ளதா அக்கா? சார் போனாரா?"

"போனான்" என்றாள் பொன்னம்மை. "கூட நானும் போனேன்."

பிள்ளை அழத் தொடங்கினாள். அம்மா போன பிறகு அன்றுதான் அழுகிறாள் என்று அப்பா சொன்னார். அழுது முடித்து, சோறு கேட்டாள்.

சனிக்கிழமை ஹரி மாடிச் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்து, தலைவர் வீட்டில் ஒப்படைத்துவிடச் சொன்னான். நீ சொல்லிக்கொடுத்த மற்ற இரண்டு பக்கம் இதுதானே என்று பொன்னம்மை வாதாடினாள்.

"சொன்ன பொய்யெப் பத்தி எனக்கு வருத்தம் இல்ல எக்கா. அவ நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் அதையேதான் சொல்லுவேன். ஆனா அவ முகத்தெப் பாத்துட்டு இனி வாய்மையின்னு ஒரு வார்த்தை என் வாயில வராது."

ஞாயிறு காலையில் பொன்னம்மை சாவியோடு போனாள். மாடிப்படியின் மேல்படியில், பூட்டிய கதவுக்கு வெளியே திவ்யா உட்கார்ந்திருந்தாள். தலையைத் தானே பின்னியிருந்தாள். வகிடு நேராக இல்லை. மடியில் நோட்டு. வேறு யாரும் வரவில்லை.

"சார் வரல்லியா அக்கா?"

"அவனுக்குக் காய்ச்சல் மக்களே."

"கூடுதலா இருக்கா?"

"இல்ல. மாறிரும்."

திவ்யா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். வகுப்புக்கு வர அப்பா சம்மதித்துவிட்டார், இனி எல்லா ஞாயிறும் வருவேன், சாரிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பொன்னம்மை தலைவர் வீட்டுக்குப் போகாமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் ஹரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எங்கும் போவதற்கில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். யாராவது வந்தார்களா என்று கேட்டான். அவள் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே எக்கா?"

"காய்ச்சல்னேன்."

அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பொன்னம்மை அடுக்களைக்குப் போனாள். ஒரு பிடி அரிசியைக் களைந்து, காய்ச்சல்காரனுக்கு வைப்பதுபோலவே, கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.