புளிப்பு குறையாத தொட்டி

அபிராமபுரத்தில் எங்கள் மொட்டைமாடித் தோட்டத்து மண் அமிலமாகிவிட்டது என்று சுண்ணாம்புத் தூள் கலந்தேன். எல்லாத் தொட்டிகளும் தேறின. ஒரு தக்காளித் தொட்டியில் மட்டும், எத்தனை முறை போட்டும் புளிப்பு குறையவில்லை.

கணவருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் நெல்லிக்காய் இடித்துச் சாறு பிழிந்து தருவேன். "வெயில்ல நின்னுண்டு குடிக்கறேன்" என்று மாடிக்குப் போவார். காலி டம்ளரோடு வந்து, "ரொம்ப நன்னாருந்தது" என்பார்.

ஒருநாள் சுண்ணாம்பு டப்பாவோடு பின்னாலேயே ஏறினேன். சாற்றை அந்தத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். வந்தவர் அன்றைக்கும், "நன்னாருந்தது" என்றார்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாராட்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து சாறு பிழிவதில்லை. தக்காளி காய்த்துவிட்டது. சாறு எங்கே என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.