சின்னப்பனின் தள்ளாட்டம்

நேற்று ஆடுகோடி சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோ கரும்புகையைக் கக்கியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த எரியாத பெட்ரோல் வாடையை மோந்துகொண்டு நின்றேன். எழுபது வயதுக்கு மேல் செய்கிற காரியமா இது? பழைய மெக்கானிக் புத்தி, போக மாட்டேன் என்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அல்சூர் ஏரியில் ஒரு மோட்டார் படகு ஓடியது. மெட்ராஸிலிருந்து வந்த பழைய இஞ்சின். மேலே கூரை, மழைக்கு மறைப்பாகக் கித்தான். ஓட்டியவன் சின்னப்பன், ஜீவனஹள்ளியில் எனக்குப் பக்கத்து வீடு. காலையில் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்து போகிறவன், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்புவான். சிவந்த கண், தலைவலி, வாந்தி. தெருவே அவனுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தது. வாயில் சாராய வாடை இல்லையே என்றால், பெட்ரோல் வாடையில் அது மறைந்துவிடுகிறது என்றார்கள்.

அவன் மனைவி பிலோமினா கோலாருக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பத் துணிகளை மூட்டை கட்டிவிட்டாள். போவதற்கு முன் பாட்டிலைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் இழுத்தாள்.

"அண்ணே, நீங்க சாட்சிக்கு வாங்க. சும்னே கதை கட்டிச் சொல்றேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது."

அன்று தூறல். கித்தானை இறக்கிவிட்டிருந்தார்கள். நான் காற்று வந்த முன்பக்கம் உட்கார்ந்தேன். அவள் பின்னால், இஞ்சினருகே, கணவனின் கையையே பார்த்தபடி. சில சுற்றுகளுக்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கரையில் இறங்கியவள் தள்ளாடிப்போய் வாந்தி எடுத்தாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "இன்னைக்குப் புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்தே ஊத்திக்கிட்டாங்க!"

பிலோமினா வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாதாவே! நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலியே, அண்ணே!"

சொல்லிவிட்டுச் சின்னப்பனைப் பார்த்தாள். அவன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் இஞ்சினைத் திறந்தேன். பிளக்கில் கரி அப்பியிருந்தது. பெரிய நிபுணனைப் போலப் புதுப் பிளக் மாட்டினேன், அதுவும் கறுத்தது. பெட்ரோல் கலப்படம் என்று பங்க்காரரைத் திட்டினேன், பாவம் அவர். கார்புரேட்டரில் சோக் சரியாகத் திறந்தது, மிதவையில் ஓட்டையில்லை. கடைசியில் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளைத் திருகை, அந்த ஜெட்டைக் கழற்றினால், யாரோ கம்பிவிட்டுக் குத்தித் துளையைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதுவும் மெட்ராஸ் கடற்கரைக் காற்றுக்கென்று வைத்த ஜெட். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற நம் ஊரில் காற்று லேசு. காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சி, அரைகுறையாக எரிந்த நச்சுப்புகை கித்தானுக்குள் தங்கியது. அதைத்தான் அவன் தினமும் சுவாசித்தான்.

சின்ன ஜெட் போட்டேன். பின்பக்கக் கித்தானை அறுத்து எறிந்தோம். பிளக் கரி போய், சரியாக எரிகிற காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது, சின்னப்பனின் தலைவலி போனது. பிலோமினா மூட்டையைப் பிரித்தாள்.

பெயர்தான் போகவில்லை. அவள் வீடு வீடாகப் போய் விளக்கினாள். "ஆமாம்மா, இஞ்சின்தான்" என்று தலையாட்டி, அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணடித்தார்கள். யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் படகைக் கரையேற்றினார்கள். பலகைகள் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின. வயதான காலத்தில் சின்னப்பன் மழையில் வழுக்கி விழுந்தபோதுகூட, "பழைய பழக்கம்" என்றுதான் தெரு சொன்னது. மறுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

போன மாதம் ஜீவனஹள்ளிக்குப் போனேன். எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அவனைக் குடிகாரன் என்று சொல்லக்கூட அங்கே ஒருவரும் மிச்சமில்லை. இல்லையென்று சொல்ல நான் மட்டும் இருக்கிறேன்.