நாங்கள் கடலுக்குப் போகேல்லை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு குரல் கிடைத்தது. எனக்கு வாயால் கதைக்க வராது என்பதால், பள்ளிக்கூடத்தின் விசேட அலகில் ஒரு டெப் கணினி தந்தார்கள். திரையிலுள்ள படத்தைத் தொட்டால் அது பேசும். குவளையைத் தொட்டால், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று வானொலியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போலச் சொல்லும். எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அம்மாவின் கை.

என் கைகளில் இடது சுட்டுவிரல் மட்டும்தான் சொன்னபடி கேட்கும், அதுவும் நன்றாக யோசித்த பிறகு. அது ஒரு படத்தைச் சென்றடையுமுன் அம்மா அந்த விரலைப் பிடித்து, தனக்குச் சரியென்று பட்ட படத்தில் அழுத்திவிடுவார். "பசிக்குதாம்" என்று அக்காவிடம் சொல்வார். எனக்குப் பசித்திருக்காது. ஆனாலும் புட்டு வந்துவிடும்.

ரீச்சர் வேறு மாதிரி. நாள்தோறும் ஒரு கதைப் புத்தகம் வாசிப்பார். ஏதாவதொரு சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, எங்களில் ஒருவர் அந்தச் சொல்லை அழுத்தும்வரை பேசாமல் இருப்பார். மெல்ல மெல்ல, படங்களை விட்டு எழுத்துகள் இருக்கும் பக்கத்துக்கு என்னைக் கொண்டுபோனார். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டேன் என்று அவர் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "அவளுக்குப் படம் காணும் ரீச்சர். எழுத்தெல்லாம் ஏன்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருந்தார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, சக்கர நாற்காலியில் என்னை முற்றத்தில் இருத்திவிட்டு, அக்காவுடன் ஓட்டோ பிடிக்கச் சந்திக்குப் போனார். வெகுநேரத்தின் பின் இருவரும் நடந்தே திரும்பி வந்தார்கள்.

"மழை வரப்போகுது பிள்ளை. இன்னொரு நாளைக்குப் போவம்."

வானத்தில் ஒரு முகில் இல்லை. அக்கா என்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். 'ஏன்?' என்று கேட்க டெப்பில் ஒரு படம் இருந்தது. என் விரல் அதை எட்டுமுன் அம்மா சட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் பெற்றோர் வகுப்புக்கு வரும் நாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் சேதி ஒன்றைத் தன் கருவியால் சொல்ல வேண்டும். என் சேதியை அம்மா முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். என் முறை வந்ததும் வழக்கம்போல விரலைப் பிடித்து அழுத்தினார்.

"நேற்று நான் கடலுக்குப் போனேன். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் தகப்பன், "எந்தப் பக்கம் போனனீங்கள்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"மாதகல் பக்கம்" என்றார் அம்மா.

எழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவின் கை உடனே வந்தது.

"கையை எடுங்கோ அம்மா. அவ ஏதோ சொல்லப் பாக்கிறா" என்றார் ரீச்சர்.

"இல்லை ரீச்சர், பிழையா அமத்துறாள்."

"பிழையா எண்டாலும் அவவே அமத்தட்டும்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். இரண்டு தரம் அழித்தேன். கதிரைகள் கிறீச்சிட்டன, யாரோ இருமினார், ஒரு சின்னப் பிள்ளை தாயின் மடியில் நித்திரையாகிப் போனது. கடைசியில் அந்த வானொலிப் பெண் முதன்முறையாக எங்கள் ஊர்த் தமிழ் கதைத்தாள்:

"நாங்கள் கடலுக்கு போகேல்லை."

வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நான் மிகுந்த விருப்பத்தோடு சொன்னேன். அம்மா குனிந்து, சரியாகவே இருந்த சேலைக் கரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முன்னால் குந்தியிருந்து, டெப்பை என் மடியில் வைத்து, தன் கைகளை விலக்கி எடுத்துக்கொண்டார்.

"ஏன் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை அப்பிடிச் சொன்னனீ?"

நான் தேடித் தேடி அழுத்தினேன்: "பொய்."

அம்மா அந்தத் திரையைப் பார்த்தார். "ஓம். பொய்தான்" என்று சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி உள்ளே விழும் சத்தம் கேட்டது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கலியாணம் முடித்துக் கரவெட்டிக்குப் போகுமுன்தான் அக்கா எனக்குச் சொன்னாள். அன்று சந்தியில் மூன்று ஓட்டோக்கள் நின்றனவாம். சக்கர நாற்காலி என்றதும் ஒருவர் சீற் கிழியும் என்றாராம். இன்னொருவர் பதில் சொல்லாமலே போய்விட்டாராம். மூன்றாமவர் சிரித்துக்கொண்டு, "உந்தப் பிள்ளைக்குக் கடல் எண்டால் என்னெண்டு தெரியுமே?" என்று கேட்டாராம். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்து, வாசல் படலையடியில் முகத்தைத் துடைத்து, "மழை எண்டு சொல்லுவம்" என்றாராம்.

எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. பொய் என்ற சொல்லை ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதிவிட்டேன் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெருமையில் அன்று பின்னேரம் முழுவதும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.