கடலைப் பின்வாங்க வைத்த கூரை

துறைமுகத் தெருவில் பட்டறைக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். படகில் ஓட்டை விழுந்தாலும் அவர், எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவன் படகின் அடியைச் சுரண்டிச் சுரண்டியே தலையெடுத்த மனிதர். அப்பன் வைத்துவிட்டுப் போனதில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த அருமை விளங்காது. சொந்தக் கையால் கட்டியவனுக்குத்தான் ஒவ்வொரு ஆணியும் பெற்ற பிள்ளை.

அவர் பெற்றதில் செல்லப்பிள்ளை பட்டறையின் கூரை. பெரிய படகுகள் வரிசையாக நிற்கும் அகலம். முழுக்க அலுமினியத் தகடு. ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்து, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கடல் பக்கம் அடிக்கு அரை நூல் மட்டும் சரிவு விட்டு, தானே ஏறி முடுக்கியது. வெயில் நேரத்தில் "கண்ணு கூசுதுப்பா" என்று யாராவது அலுத்துக்கொண்டால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இரண்டு கை கூடுதலாக இறங்கும்.

தெருவின் கடைக்கோடியில், பின்வாசலைத் திறந்தால் கடல் என்கிற இடத்தில், அவருடைய அக்கா தனியாக இருந்தாள். தெரு முனையில் தடுப்புச் சுவர் கட்டித் தருவதாகத் துறைமுக அலுவலகம் சொல்லியிருந்தது. அவள் அதைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

சுவர் வேலை தொடங்கும் முன் அலுவலகத்தில் தெருக்காரர்களைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு படம் காட்டினார்கள். செயற்கைக்கோள் வானத்திலிருந்து ரேடார் அலையை அனுப்புமாம். அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தைச் சொல்லிவிடுமாம். படத்தில் கரை நெடுகச் சிவப்பு. கடல் ஏறுகிறது என்று அர்த்தம். துறைமுகத் தெருவுக்கு எதிரே மட்டும் நீலமாக ஒரு பொட்டு.

"இங்க மட்டும் கடல் ஒரு முழம் இறங்கியிருக்கு" என்றார் அதிகாரி. "உங்க தெருவுக்குச் சுவர் தேவைப்படாது."

வலை பின்னுகிறவர் எழுந்தார். "சார், பக்கத்துல ஏறுற தண்ணி இங்க மட்டும் எப்படி சார் இறங்கும்?"

"செயற்கைக்கோள் பொய் சொல்லுமாய்யா?"

பட்டறைக்காரர் திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தார். "சார், இது நேரா என் பட்டறைக்கு எதுக்க இல்ல இருக்கு?"

"ஆமா."

அவ்வளவுதான். மனிதருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. தெருச் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. "கடலுக்கும் ஆள் தெரியும் சார். சுவர் வேண்டாம்னு தெரு சார்பா நானே சொல்றேன்" என்றார். அதிகாரிக்கு வேலை மிச்சம். கைகுலுக்கினார்.

அடுத்த ஒரு மாதம் பட்டறைக்காரர் சொன்ன சொல்லில், தெருவில் யாருக்காவது கடல் இறங்கிய கதை தெரியாமல் இருந்திருந்தால் அந்த ஆள் செவிடாக இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த நீலப்பொட்டு ஏன் விழுந்தது என்று பார்க்கச் செயற்கைக்கோள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, தப்பு இங்கதான் இருக்கு. ரேடார் அலை நேரா கடல்ல பட்டு வரணும். உங்க கூரை கண்ணாடி மாதிரி பக்கத்துல இருந்து திருப்பி அடிக்குது. அது சாய்வா வர்றதால கொஞ்சம் தாமதமா போய்ச் சேருது. தாமதமா வந்தா, கடல் கீழ போயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்குது."

"என் கூரையில குத்தம் சொல்ல வந்தியாம்மா?"

"குத்தமே இல்லைங்க. அதுதான் சங்கடம். துருப்பிடிச்சு கோணல்மாணலா இருந்திருந்தா கடல் ஒழுங்கா தெரிஞ்சிருக்கும். செயற்கைக்கோள் அடுத்த தடவை இந்தப் பக்கம் வரும்போது மேல ஈரச் சாக்கு விரிச்சு மூடிட்டா அலை அங்கேயே அமுங்கிடும், நிரூபிச்சிடலாம்."

"சாக்கா? என் கூரைமேலயா? போயிட்டு வாம்மா."

கூரையில் குற்றமே இல்லை என்று கேட்ட பெருமையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனார், நடந்ததைச் சொல்லிக் கொஞ்சம் பாராட்டு வாங்கலாம் என்று. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். கரண்டி ஒன்று கதவு வரை மிதந்து வந்து அவரை வரவேற்றது, மரக்கரண்டி. அக்கா அடுப்பு மேடைமேல் காலைத் தூக்கி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடா தம்பி. செருப்பக் கழட்டாத, மிதந்துடும்."

"எப்ப வந்துச்சு இது?"

"நீ சுவர் வேண்டாம்னு சொன்ன மறுவாரத்துல இருந்து வந்து போவுது. கடல் உன்னப் பார்த்துப் பயந்து பின்னால போயிடுச்சுன்னு தெருவே சொல்லுதே. அப்ப என் சமையல்கட்டுக்கு வந்து போறது யாரு?"

பட்டறைக்காரர், அதிகாரியோடு குலுக்கிய அதே கையால் கரண்டியை எடுத்து மேடைமேல் வைத்தார்.

"பெட்டிய எல்லாம் மேல ஏத்திட்டேன். இனி ஏத்துறதுக்கு நான்தான் மிச்சம்" என்றாள் அவள், வெண்டைக்காயைப் பார்த்தபடியே.

மறுநாள் பட்டறையில் இருந்த சாக்கெல்லாம் கூரைக்குப் போயிற்று. வேறு யாரையும் ஏறவிடவில்லை. தானே ஏறி, தானே விரித்து, தானே தண்ணீர் தெளித்தார். கீழே வேடிக்கை பார்த்தவர்களிடம், "குளிர்ச்சிக்கு" என்றார்.

செயற்கைக்கோள் வந்து போனது. புதுப்படத்தில் நீலப்பொட்டைக் காணோம். கரை முழுக்க ஒரே சிவப்பு. பட்டறைக்காரரே துறைமுக அலுவலகத்துக்குப் போய், தெரு சார்பாகச் சுவர் வேண்டும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு எத்தனை தடவை தொண்டையைச் செருமவேண்டியிருந்தது என்பதை அதிகாரி இன்றும் செய்து காட்டுவாராம்.

அக்கா வீட்டுப் பின்னால் சுவர் எழும்பும்போது அந்தப் பெண் பொறியாளர் மறுபடி வந்தார்.

"சாக்க எடுத்துடுங்க ஐயா. கம்ப்யூட்டருக்கே சொல்லிட்டோம், உங்க பட்டறை கிட்ட வந்தா அங்க கிடைக்கிறத கணக்குல சேர்க்காதேன்னு."

பட்டறைக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய ஒளி.

"கேட்டியாக்கா? வானத்துல போறது என் பட்டறைகிட்ட வந்தா கண்ண மூடிக்கிட்டுப் போகுதாம்."

"இதென்ன அதிசயம்" என்றாள் அக்கா, சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டே. "நீ பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் அதத்தான செய்யறேன்."