நொண்டி உருளும் போல்ட்

என் மேசைக் கண்ணாடியின் மேல் விரல் நீளத்தில் ஒரு போல்ட் கிடக்கிறது. பார்வைக்கு நேராகத்தான் தெரியும். சுண்டிவிட்டால் சீராக உருளாது. ஒவ்வொரு சுற்றிலும் லேசாகத் தூக்கிப்போட்டு, நொண்டிக்கொண்டே போய் நிற்கும். அக்காவின் கணவர், என் அத்தான், தன் கையால் கட்டிய இரண்டு பேர் அமரும் சிறு விமானத்திலிருந்து நான் கழற்றியது அது.

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் பெரிய விமானங்களைப் பழுது பார்த்தவன் நான். ஊர் திரும்பிய புதிதில் எனக்கு 'பிளேன்காரர்' என்றுதான் பெயர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று ஏதாவது கேட்பார்கள். அத்தானுக்குக் கடியப்பட்டணம் பக்கத்தில் ஃபைபர் படகு செய்யும் கொட்டகை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்த மனிதர் வரைபடம் வரவழைத்து, ஆறு வருடம் அலுக்காமல் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு செய்து, அதன்மேல் துணி போர்த்தி, அலைந்து திரிந்து அனுமதியும் வாங்கி, ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு நண்பரின் பொட்டல் நிலத்திலிருந்து பறந்தே விட்டார். அன்றிலிருந்து பிளேன்காரர் என்றால் அவர்தான். நான் பிளேன்காரர் மச்சினன். எத்தனையோ விமானங்களைத் திருத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கட்டியதில்லை, ஓட்டியதுமில்லை. அதற்கு வேறு பெயர் வைத்து மறைப்பானேன், பொறாமைதான். வயிறு எரிந்தது.

ஆடிக் காற்று ஓயாத ஒரு நாள், தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது விமானம் பொத்தென்று விழுந்து இறங்கியது. அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். அன்றைக்கு அக்காவை முதல்முறையாக ஏற்றிப்போக அத்தான் நாள் குறித்திருந்தார். எனக்குப் போன் வந்தது. "மக்கா, கொஞ்சம் பலமா எறங்கிட்டுது. வெளிய ஒண்ணும் தெரியல்ல. நீ ஒருக்கா வந்து பாக்கணும்." பஸ்ஸில் போகும்போது எனக்கு இருந்த உற்சாகத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. பெரிய சேதமாக இருக்கவேண்டும் என்று ஜெபிக்காத குறைதான்.

போய்ப் பார்த்தால் விமானம் புதுப் பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்கிறது. படகு தரை தட்டிவிட்டால் கடற்கரையில் முதல் வேலை, நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு ஏறுவதற்குள் உரசின இடத்தில் பெயிண்ட் தடவுவது. கைப்பழக்கத்தில் அத்தான் அதையே இங்கும் செய்திருந்தார். எனக்கு வாய் நிறையத் திட்டக் கிடைத்தது.

"பெயிண்டு வெடிச்ச எடந்தான் அத்தான் அடி எங்க பட்டுதுன்னு காட்டும். அதுக்கு மேலயே பூசி வச்சிருக்கியளே!"

அவர் தலையைச் சொறிந்தார். "கை சும்மா இருக்கல்ல மக்கா."

இரண்டு நாள் லென்ஸும் டார்ச்சுமாகத் தேடினேன். சக்கரம், இறக்கை சேரும் இடம், எஞ்சினைத் தாங்கும் சட்டம் எதிலும் ஒன்றும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. பேசாமல், இது இனிப் பறக்காது என்று சொல்லிவிட்டால் என்ன? இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச ஊரில் ஆள் கிடையாது. நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. பொய் சொல்லும்முன் கடைசியாக ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று, சக்கரக் கால்களைப் பிடித்திருந்த எட்டு போல்டுகளையும் கழற்றி ஒரு ஜன்னல் கண்ணாடியில் உருட்டினேன். ஏழு சீராக உருண்டன. வலது பக்கத்துப் பின் போல்ட் நொண்டியது.

போல்ட் வளைந்திருந்தால் அதைப் பிடித்திருக்கும் குழாயும் அடி வாங்கியிருக்கும். பார்க்க வேண்டுமானால் துணியைக் கிழிக்கவேண்டும். அத்தானே பிளேடை எடுத்து என் கையில் வைத்தார். "யோசிக்காண்டாம், அறு." அறுத்தேன். உள்ளே, பற்றவைத்த இடத்தை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு.

முதலில் வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது என்று கத்தியேவிட்டேன். அதன் பிறகுதான் அந்தக் குழாய் எதைத் தாங்குகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். மேலே வலது இருக்கை. அக்காவுக்காக அதில் நீல உறை தைத்துப் போட்டிருந்தது. லென்ஸை அத்தானிடம் நீட்டினேன்.

அத்தான் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சனிக்கிழம அவள இதுலயாக்கும் இருத்தியிருப்பேன்" என்றார். பிறகு என் தோளில் கைபோட்டு, மெதுவாகச் சொன்னார்: "என்னெப் புடிச்சவங்க நாலு பேரு ஒனக்கு முன்ன வந்து பாத்தாவ. நல்லாத்தான் இருக்குன்னு தட்டிக் குடுத்துட்டுப் போனாவ. நீ விடமாட்டன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு இது கண்ணுல ஆகாதுல்லா? அதுக்காக்கும் ஒன்ன விளிச்சது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்ததை அந்த மனிதர் ஸ்பானர், சுத்தியலோடு சேர்த்துத் தன் கருவிப்பெட்டியில் வைத்திருந்திருக்கிறார்.

குழாயை வெட்டி மாற்ற நாலு மாதம் ஆனது. அக்கா கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பறந்தாள். சர்ச்சில் அத்தான் எழுந்து, மச்சினன்தான் தங்களைக் காப்பாற்றியதாகச் சாட்சி சொன்னார். எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, வாசலில் போய் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

இப்போதும் பறப்பதற்கு முன் என்னைத்தான் கூப்பிடுகிறார். இன்று காலையிலும் கூப்பிட்டார். "ஒண்ணும் இருக்காதுல்லா மக்கா?" இருக்காது அத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "வந்து பாத்துட்டு சொல்லுதேன்" என்றேன். "அதான் வேணும்" என்று வைத்துவிட்டார். லென்ஸையும் டார்ச்சையும் பையில் போட்டேன். கிளம்பும்முன் போல்டைச் சுண்டிவிட்டேன். அது நொண்டி நொண்டிப் போய், மேசைக் கண்ணாடிக்கு அடியில், யாருடைய விமானத்துக்கோ முன்னால் நான் நிற்கும் வளைகுடாப் புகைப்படத்தின் மேல் நின்றது.