நனையாத உள்ளங்கை

எங்கள் அணையில் புது ஷட்டரை இறக்கிப் பார்க்கும் நாளில் நானும் போய் நின்றேன். வேலைக்காகப் போட்டிருந்த மண்கரையிலிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது. நான் பத்து வயதுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த வருடம் பழைய ஷட்டர் துருப்பிடித்து, தேங்கிய தண்ணீரெல்லாம் இடுக்கு வழியே ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். மனுக் கொடுத்து அலுத்துப்போன அம்மா, பட்டாசுக் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த பெண்களைத் திரட்டிக்கொண்டு அணைக்குப் போனாள். அவர்களுக்குக் கைவந்தது காகிதமும் மைதாப் பசையும். அதையே சாக்கில் திணித்து இடுக்கை அடைத்தார்கள். மறுநாள் பார்த்தால் பசையை மீன்கள் தின்றிருந்தன. ஆற்றில் கலர் காகிதம் மிதந்து போனது. ஊரே சிரித்தது.

"ஏ புள்ளைகளா, புஸ்வாணத்துக்கு அடியில எதை வச்சு அடைக்கோம்? களிமண்ணுதான? அதை விட்டுட்டு அம்புட்டுப் பேரும் பசையக் கிண்டியிருக்கோமே!" என்றாள் அம்மா.

மறுபடியும் இறங்கி, களிமண் சாக்குகளை மிதித்து இறுக்கினார்கள். அம்மா ஷட்டரின் மறுபக்கம், தண்ணீர் ஒழுகி வெளியேறும் பக்கம் வந்தாள். கையைச் சேலையில் துடைத்து, இடுக்கில் வைத்து எடுத்து, எல்லோருக்கும் காட்டினாள். ஈரமே இல்லை. குலவைச் சத்தம் கரையைத் தாண்டியது. அந்தக் கோடை முழுக்க எங்கள் குழாய் காயவில்லை.

இன்று ஷட்டர் இறங்கி, அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நின்றதும் நானும் இடுக்கில் கையை வைத்தேன்.

"என்னம்மா பாக்கீக?" என்றார் இன்ஜினியர்.

"கசியுதான்னுதான் சார்."

பொட்டு ஈரமில்லை. வீட்டில் இருந்த அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு உள்ளங்கையைக் காட்டினேன். எழுபது வயதுத் தொண்டை போனுக்குள்ளிருந்தே குலவை போட்டது. கரையில் நின்ற பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள்.